சனிக்கிழமை, மூன்று நாற்பத்திரண்டு

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை பத்தரைக்கு எல்லா டிபார்ட்மென்ட் தலைகளையும் எம்.டி. கூப்பிட்டார். டீ வருவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். தீபாவளிக்குள் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் கிளவுடுக்குப் போகிறது. ஸ்டாக், ஆர்டர், டிசைன் வரைபடங்கள் எல்லாம். சர்வர் அறை இனி கிடையாது. அந்த இடத்தில் பம்புகளைச் சோதிக்க இன்னொரு மேடை வரப்போகிறது.

"நாக்பூர்ல இருக்கற நம்ம சேல்ஸ் ஆளு, ஒரு பம்பு ஸ்டாக்ல இருக்குதான்னு தெரிஞ்சுக்க மூணு போன் போட வேண்டியிருக்குதுங்க. மத்த கம்பெனிக்காரன் செல்போனைப் பாத்துட்டு அங்கயே ஆர்டரை வாங்கிட்டுப் போயிடறான். நாம இன்னும் ஏசி ரூமுக்குள்ள பொட்டியப் பூட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கோம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியைப் பூட்டி வைத்திருப்பவள் நான்தான், பதினெட்டு வருடமாக.

மூன்று ஆட்சேபம் சொன்னேன். இன்டர்நெட் போனால் என்ன செய்வது? நம் டிசைன்கள் யாருடைய கம்ப்யூட்டரிலோ இருப்பது பாதுகாப்பா? பழைய ஃபைல்களையெல்லாம் எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்? மூன்றும் நியாயமானவை. இங்கே எழுதிப் பார்க்கும்போதும் நியாயமாகத்தான் இருக்கின்றன.

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மாற்றும் வேலையை எடுத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நஸ்ரின் பானு வந்தாள். சென்னைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, அவ்வளவுதான் சாமான். சர்வர் அறையைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு கேபிளிலும் நான் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் குனிந்து குனிந்து படித்தாள்.

"இவ்ளோ நீட்டா ஒரு சர்வர் ரூம நான் பார்த்ததே இல்ல மேடம்."

சந்தோஷமாக இருந்தது. அடுத்து, "லாக் எத்தனை வருஷத்துக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள், எதை அழித்தார்கள், எத்தனை மணிக்கு என்று சர்வர் தானாக எழுதிக்கொண்டே வரும் பதிவுதான் லாக்.

"ஆறு வருஷத்துக்கு இருக்கு. அதெல்லாம் குப்பை. எதுக்கு வீணா இடத்த அடைச்சுக்கிட்டு?"

"இடம் ஒரு பிரச்சினையே இல்ல மேடம். அப்படியே மொத்தமா ஏத்திடலாம். வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தா கேப்பாங்க."

சரி என்றேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பியாயிற்று. மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

டிசைன் ஹாலில் எல்லோருக்கும் பயிற்சி. எம்.டி.யும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நஸ்ரின், வரைபடப் பிரிவு பிரேமலதாவை எழுப்பி, ஏதாவது ஒரு ஃபைலை அழிக்கச் சொன்னாள்.

"நெசமாவே அழிக்கட்டுங்களா?" என்று பிரேமலதா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அழித்தாள். நஸ்ரின் இரண்டு இடத்தில் தட்டினாள். ஃபைல் திரும்ப வந்து நின்றது. பக்கத்திலேயே பிரேமலதாவின் பெயர், தேதி, மணி, நிமிடம்.

"இனிமே யார் கைதவறி அழிச்சாலும் பயப்பட வேணாம். யார் அழிச்சாங்கன்னு தேடவும் வேணாம். இதுவே சொல்லிடும்."

கைதட்டினார்கள். எம்.டி. மட்டும் தட்டவில்லை. "இது ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே இருந்திருந்தா நாச்சிமுத்து இன்னிக்கு இங்க உக்காந்திருப்பாருங்க" என்றார்.

நஸ்ரினுக்குப் புரியவில்லை. பிரேமலதாதான் மெதுவாகச் சொன்னாள். நாச்சிமுத்து தலைமை வரைவாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். 2022 ஜூனில் புது நீர்மூழ்கிப் பம்பின் வரைபடங்கள் மொத்தமும் காணாமல் போயின. டிபார்ட்மென்ட் முழுவதும் எட்டு மாதம் போட்ட உழைப்பு. சனிக்கிழமை கடைசியாக ஹாலில் இருந்தவர் அவர். திங்கட்கிழமை அவரே எழுந்து நின்று, தன் பழைய ஃபைல்களை அன்று அழித்ததாகவும் அதோடு இதுவும் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

அவரை யாரும் அனுப்பவில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும். அவராகத்தான் போனார்.

தலைவலி என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

என் வீட்டுக்காரருடன் வேலை பார்க்கும் வாத்தியாரின் மகளுக்கு அன்னூரில் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற வரும்போது எதிரே ஓர் உரக்கடை, ஞாயிற்றுக்கிழமையும் பாதிக் கதவு திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், அதன்மேல் துண்டு போர்த்தியிருந்தது. அவர் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். வந்த ஆள் எத்தனை மூட்டை என்று சொன்னதும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மறுபடி கேட்டார். நோட்டைப் பார்த்தார். மூன்றாவது தடவையும் கேட்டார். வந்தவன் சலித்துக்கொண்டான்.

"அது உங்க கம்பெனி நாச்சிமுத்துதானே? போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துரலாமே" என்றார் இவர்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றேன்.

சாப்பிட்டே முடித்துவிட்டோம் என்று இவர் சொன்னார். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

பதினொரு மணிக்கு சர்வர் அறைக்குள் போனேன். 2022 ஜூன் மாத லாக்கில் அந்த வரி இருக்கிறது. இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாது. அந்த மாதத்து லாக் முழுவதையும் எடுக்க வேண்டும். டிஸ்க்கில் அந்தப் பகுதி கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் நஸ்ரின் நம்புவாள். இந்த அறையில் நான் சொல்வதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

ஃபைலைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிரேமலதா கதவைத் தட்டி, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். காகிதம் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன். திரும்ப அந்த அறைக்குள் போகவில்லை.

மாவு அரைக்க ஊறப்போட்ட அரிசி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஸ்டாக்கும் ஆர்டரும் போன வாரமே கிளவுடுக்குப் போய்விட்டன. இன்று காலை, சின்னவேடம்பட்டி ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். மொத்தமும் நின்றது. கேட்டில் மூன்று லாரி. எந்தப் பம்பு எந்த லாரிக்கு என்று டிஸ்பாட்சில் யாருக்கும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் எல்லோரும் திரையைப் பார்த்தே பழகிவிட்டார்கள்.

எம்.டி. படியில் நின்று சத்தம் போட்டார். முந்தின நாள் வரையான பிரதி ஒன்றை நான் பழைய சர்வரில் எடுத்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷம். இருபது நிமிடத்தில் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். லாரிகள் கிளம்பின.

"இதுக்குத்தானுங்க தமயந்தி வேணுங்கறது!" என்று எல்லோர் முன்னாலும் எம்.டி. சொன்னார். "இவங்க இருக்கற வரைக்கும் ஒரு ஃபைலு காணாமப் போகாது."

மதியத்துக்குள் நஸ்ரின் வேறொரு கம்பெனியின் இரண்டாவது லைனுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். ஒன்று அறுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும். என் முதல் ஆட்சேபம் அரை நாளில் முடிந்துபோனது.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். துடைத்துவிட்டுத் திரும்பவும் கழுவினேன்.

ஆகஸ்ட் 28, புதன், காலை

இவர் வாக்கிங் போயிருக்கிறார். பால் இன்னும் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

18.06.2022, சனிக்கிழமை. பழைய டிஸ்க் முனக ஆரம்பித்திருந்தது. டிசைன் ஃபைல்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். காப்பி பாதியில் நின்றுபோயிருக்கிறது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சரிபார்க்க அரை மணி நேரம் ஆகும். அன்று நாத்தனார் வீட்டில் வளைகாப்பு, ஆறு மணிக்குள் பொள்ளாச்சி போயாக வேண்டும். சரிபார்க்காமல் பழைய டிஸ்க்கை அழித்தேன். மணி மூன்று நாற்பத்திரண்டு.

திங்கட்கிழமை, தினமும் ராத்திரி பிரதி எடுக்கும் பேக்கப் டேப்பைப் போட்டேன். அதில் ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக வெறும் டேப் ஓடியிருக்கிறது. அதையும் நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

எம்.டி. கேட்டார்: "லாக்ல ஏதாச்சும் தெரியுங்களா?" லாக் அன்று ஓடவில்லை என்றேன். அப்போதுதான் நாச்சிமுத்து எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "சனிக்கிழமை நான் பழைய ஃபைலெல்லாம் அழிச்சனுங்க. அதுல இதுவும் சேந்து போயிருக்குமுங்களா மேடம்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அங்கே பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எம்.டி.யிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏனுங்க இப்ப சொல்றீங்க?"

"சொல்லாம இருக்க முடியலீங்க சார்."

"அவரு இன்னைக்கு ஒரு வேலையில இருக்காரு. ரெண்டு வருசமாச்சு. நாமளும் அந்த டிசைனைத் திருப்பி வரைஞ்சு வித்துட்டிருக்கோம். அடுத்த மாசம் ஜெர்மனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. 'உங்க சர்வர்ல ஏழு மாசம் பேக்கப்பே இல்லியா'ன்னு கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?" எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். "நஸ்ரின்கிட்ட நான் பழைய லாக் வேண்டாம்னு சொல்லிடறேன். வியாழக்கிழமை பழைய சர்வரை எடுத்துட்டுப் போக ஆளு வர்றான். அதோட போகட்டும். நமக்குள்ள இருக்கட்டுங்க."

நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். நிமிடம்கூட இல்லை, மாடிப்படி இறங்கி முடிகிறவரை.

செப்டம்பர் 2, திங்கள்

"சார் பழைய லாக் வேணாம்னுட்டாரு மேடம். நீங்க மொதல்ல சொன்ன மாதிரியே" என்றாள் நஸ்ரின். திரையைப் பார்த்தபடி சொன்னவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "விட்டுடலாமா?"

"வேண்டாம், ஏத்துங்க."

"சார்..."

"சார்கிட்ட நான் சொல்லிக்கறேன். 2022 ஜூன் மாசத்தை மொதல்ல ஏத்துங்க."

நஸ்ரின் தட்ட ஆரம்பித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். திரையில் பச்சைக் கோடு வலப்பக்கமாக நகர்ந்தது. நான்கு நிமிடம். முடிந்தது. இனி நான் நினைத்தாலும், எம்.டி. நினைத்தாலும், தனியாக அதை அழிக்க முடியாது. அழிக்க முயன்றால் அந்த முயற்சியும் பதிவாகும். நஸ்ரின்தான் இதைப் பயிற்சியின்போது சொல்லியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை அச்சடித்து எம்.டி.யின் மேஜையில் ஒரு பிரதி வைத்தேன். கூடவே என் ராஜினாமா கடிதம். அவர் இரண்டையும் டிராயரில் போட்டு மூடினார்.

செப்டம்பர் 4, புதன்

இவரிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்கு அன்னூர்லயே பேசியிருக்கலாம்" என்றார். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி அன்னூர் போனேன். உரக்கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது நாச்சிமுத்துவின் மனைவி ருக்மணி. "ஏனுங்க, கம்பெனி மேடம் வந்திருக்காங்க பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சதுர்த்திக்குச் செய்த கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அதைத் தாங்க முடியவில்லை.

தட்டைத் தொடாமல் காகிதத்தை நாச்சிமுத்துவிடம் நீட்டினேன்.

"என்னதுங்க இது?"

"அந்த சனிக்கிழமை லாக்குங்கண்ணா. கோடு போட்டிருக்கற வரியப் படிங்க."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

"இதுல உங்க பேரு இருக்குதுங்க."

"ஆமாங்கண்ணா. அழிச்சது நான்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்ப இருக்கலாம்னு சொன்னேன். பொய்."

திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணிதான் பேசினார்.

"மேடம், இவரு ரெண்டு வருசமா டாக்டர்கிட்டப் போயிட்டிருக்காருங்க. எங்க மாமனாருக்குக் கடைசிக் காலத்துல ஞாபகமே இல்லாமப் போச்சு. எனக்கும் அது வந்துருச்சுன்னு இவரா முடிவு பண்ணிட்டாரு. எட்டு மாசத்து வேலைய அழிச்சுட்டு, அழிச்சதே தெரியல, அப்ப என் தலையில என்னமோ ஆயிருச்சுன்னு. தலைய ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமில்லன்னாங்க. இவரு நம்பல. வண்டி ஓட்டறத விட்டாரு. பேத்தியத் தூக்கறதில்லீங்க, எங்கயாச்சும் வெச்சுட்டு மறந்துருவனாம்."

வேலை போனது மட்டும்தான் அவருக்கு நான் செய்தது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் பழைய ஃபைலை ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துத்தானுங்க அழிச்சேன். பாத்துப் பாத்து. எனக்கு அது நல்லா ஞாபகத்துல இருந்துச்சு. நீங்க இருக்கலாம்னு சொன்னதும், அந்த ஞாபகமே பொய்யின்னு நெனச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுரப் போகுதுன்னு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த ஹால்ல நான் எந்திரிச்சு நின்னனோ, அந்த ஹால்ல, அதே ஆளுக முன்னால, இத நீங்க சொல்லோணும். நானும் அங்க இருக்கோணும்."

சரி என்றேன்.

ருக்மணி வாசல்வரை வரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

எம்.டி.யிடம் நேற்றே சொல்லியிருந்தேன். "உங்க இஷ்டத்துக்குப் பண்ணுவீங்களா?" என்று சத்தம் போட்டார். "அவரு வேலைய ஒண்ணும் கேக்கலீங்க சார், ஹால்ல அஞ்சு நிமிசந்தான் கேக்கறாரு" என்றேன். கையை வீசிப் போகச் சொன்னார்.

காலை பதினொரு மணி. நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியேறி வந்தார். ஹாலில் அன்று இருந்தவர்களில் ஒன்பது பேர் இன்னும் இருக்கிறார்கள். எம்.டி. கதவோரம் வந்து நின்றார். நஸ்ரின் தன் மேஜையிலிருந்து எழுந்து வெளியே போகப் பார்த்தாள். இருங்கள் என்றேன்.

நின்றுகொண்டு சொன்னேன். எழுதி எடுத்துப் போயிருந்த தாளைப் பார்க்கவில்லை. காப்பி பாதியில் நின்றதை, சரிபார்க்காததை, வெறும் டேப்பை, லாக் ஓடவில்லை என்று சொன்ன பொய்யை, 'இருக்கலாம்' என்ற வார்த்தையை. தேதியும் மணியும் சொன்னேன்.

பிரேமலதா எழுந்தாள். "அண்ணா, நானும் நீங்கதான்னு நம்பிட்டனுங்க" என்றாள்.

"நானே நம்புனனே கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

எம்.டி. முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தார். டிசைனில் ஒரு இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் நாச்சிமுத்து. என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகவும், ஆடிட் முடிகிறவரை இருந்து எல்லாவற்றையும் நஸ்ரினிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் எம்.டி. என் பக்கம் திரும்பாமலே சொன்னார். சரிங்க சார் என்றேன். அவரவர் திரைக்குத் திரும்பினார்கள்.

நாச்சிமுத்து கிளம்பினார். நான் பின்னாலேயே வராந்தாவரை போனேன், ஏன் என்று தெரியாமல். அவர் நின்று திரும்பினார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"அந்த சனிக்கிழமை நான் வீட்டுக்குக் கெளம்பறப்ப உங்க ரூம் கதவத் தட்டி, வர்றனுங்கன்னு சொன்னேன். நீங்க உள்ள நின்னுட்டு, மழை வர்ற மாதிரி இருக்குதுங்கண்ணா, பாத்துப் போங்கன்னு சொன்னீங்க. அப்பிடித்தான் என் ஞாபகத்துல இருக்குது." என் முகத்தைப் பார்த்தார். "அது நெசமா நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சுங்கண்ணா. அப்படியேதான் சொன்னேன்."

"மழைன்னு?"

"மழைன்னுதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கிப் போனார்.